ஹைரம் அங்கிள் தந்தி மாற்றிய ஞாயிறு

லாஹேலா நாஹலேக்குச் சிரிப்பு வந்துவிட்டால் நிற்காது. ஜெபத்தின் நடுவில் வந்தாலும் வந்ததுதான். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவது பெஞ்சு குலுங்கினால், அது யார் என்று கண்ணைத் திறக்காமலே சபை முழுவதற்கும் தெரியும். ஆண்டவர் அவளைப் படைக்கும்போதே அதையும் சேர்த்துத்தான் படைத்தார், அவரே பொறுத்துக்கொள்ளட்டும் என்று பாஸ்டரும் விட்டுவிட்டார்.

எங்கள் தீவில், ஹீலோ ஊரின் ஓரத்தில், விமான நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற கியாவுகாஹாவில் அவள் வீடு. வயது ஐம்பத்திரண்டு. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறும் கோழியும் ஆக்குகிற கை. உப்பை அளந்து போட்டு யாரும் பார்த்ததில்லை, கூடியும் குறைந்தும் யாரும் சாப்பிட்டதில்லை.

அப்படிப்பட்ட கைக்கு அவள் புகுந்த வீட்டில் வைத்த பெயர் சிமெண்ட் கை.

நாஹலே குடும்பம் பாட்டுக் குடும்பம். அவள் கணவன் ஸீக்கும் அவன் அண்ணன் தம்பிமார் நாலு பேரும் சாயங்காலமானால் கார் நிறுத்துகிற கொட்டகையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆளுக்கொரு உகுலேலே, நாலு தந்தி போட்ட குட்டி கித்தார். குளிர்ந்த பீர். கடலில் பிடித்த மீனை லாஹேலா உள்ளே பொரித்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில் ஆசையாக ஒருநாள் ஸீக்கின் உகுலேலேயை வாங்கித் தட்டிப் பார்த்தாள். மூத்தவர் ரூஃபஸ் காதைப் பொத்திக்கொண்டு, இது சிமெண்ட் கை, சுவர் பூசத்தான் லாயக்கு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், மற்றவர்களை விட அதிகமாகவே. அந்தப் பெயர் முப்பது வருஷம் நின்றுவிட்டது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாக யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை, டோரீன் லாஸ் வேகாஸுக்குப் போகும் வரைக்கும்.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இப்போது வேகாஸில்தான் இருக்கிறார்கள். டோரீனும் மகள் பின்னாலேயே கிளம்பினாள். சபையின் பெண்கள் வகுப்புக்கு இருபது வருஷமாக உகுலேலே வாசித்தவள் அவள். வாத்தியத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், அது அவளுடையதுதானே. ஹோயிகேக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

ஹோயிகே ஞாயிற்றுக்கிழமை ஞாயிறுபள்ளி வகுப்புகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து ஒரு வசனம் சொல்லி ஒரு கீர்த்தனை பாட வேண்டும். சின்னப் பிள்ளைகள், வாலிபர், ஆண்கள், பெண்கள் என்று எல்லாரும் பாடுவார்கள். என்ன பாடப் போகிறோம் என்பதை ஒரு வகுப்பு இன்னொரு வகுப்புக்குச் சொல்லாது. வாசிக்க ஆள் இல்லையென்று பக்கத்து வகுப்பில் கடன் கேட்கவும் மாட்டார்கள். போன வருஷம் வாலிபர் வகுப்பு வாத்தியம் இல்லாமல் வெறும் தொண்டையோடு வந்து நின்றதை இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்கள் வகுப்பின் தலைவி லூயிகா ஆன்ட்டி. எழுபத்தொரு வயது. துறைமுகத்துக்குள் கப்பல் வருகிற மாதிரிக் குரல். யார் வாசிக்கப் போகிறீர்கள் என்று அவர் கேட்டதும் ஒன்பது பெண்களும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்திக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். ஒருத்தி ஏற்கெனவே சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்க ஒப்புக்கொண்டவள். மற்றவர்கள் வாயைத் திறந்தால் தேன், வாத்தியத்தைத் தொட மாட்டார்கள். அப்போது ஒரு கை உயர்ந்தது.

"உனக்கு வாசிக்கத் தெரியுமா லாஹேலா?"

"தெரியாது ஆன்ட்டி."

"அப்புறம் எதுக்குக் கை தூக்குன?"

"அதுவா தூக்கிடுச்சு. இறக்கவும் மனசு வரல."

சிரித்து ஓய்ந்த பிறகு, மற்ற எல்லாரும் அவள் தலைமேல் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டார்கள். இனி அது வகுப்புக்குக் கொடுத்த வார்த்தை மட்டும் இல்லை, ஆண்டவருக்கு முன் கொடுத்த வார்த்தை. வீடு திரும்பும் வழியில்தான் லாஹேலாவுக்குத் தான் செய்தது உறைத்தது. பயமும் இருந்தது. அதைவிட, ஸீக்கும் ரூஃபஸும் எல்லாரும் உட்கார்ந்து பார்க்க, இந்தக் கையால் ஒரே ஒரு பாட்டு, முதல் அடியிலிருந்து கடைசி அடி வரைக்கும் வாசித்துவிட வேண்டும் என்கிற ஆசை இருந்தது. இவ்வளவு நாள் எங்கே ஒளிந்துகொண்டிருந்தாய் என்று அவள் அந்த ஆசையிடமே கேட்டாள்.

வீட்டில் ஏழு உகுலேலே கிடந்தன. ஒன்றைத் தொட்டாலும் விஷயம் வெளியே வந்துவிடும். ஆகவே சனிக்கிழமை காலை, பழைய சாமான் விற்கிற வீடுகளைத் தேடி வையாகேயா பக்கம் காரை ஓட்டினாள். மூன்றாவது வீட்டில், மிஸஸ் ஓஷிரோ என்கிற மெலிந்த பாட்டியம்மா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். தூண்டில் கம்புகள், ரப்பர் செருப்புகள், இரண்டு ரைஸ் குக்கர். அவற்றுக்கு நடுவில், ஒரு குளியல் துண்டில் சுற்றி, பழுப்பேறிய ஒரு உகுலேலே.

"எங்க வீட்டுக்காரரோடது. அவருக்கு ஒரே ஒரு பாட்டுதான் தெரியும். நாப்பது வருஷம் அதையேதான் வாசிச்சார்."

"நல்லா வாசிப்பாரா ஆன்ட்டி?"

"கடைசிக் காலத்துல சுமாரா வந்துச்சு. இப்ப மேல போயும் அதையேதான் வாசிச்சிட்டிருப்பார். அது அங்க இருக்கிறவங்க பாடு."

லாஹேலா சிரித்த சிரிப்பு பாட்டியம்மாவையும் தொற்றிக்கொண்டது. இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருபது டாலர் என்றார் பாட்டியம்மா. ஆனால் ரைஸ் குக்கர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனால்தான் கொடுப்பேன், அது கிடந்து இடத்தை அடைக்கிறது என்றார். லாஹேலா வீட்டில் ஏற்கெனவே மூன்று குக்கர். நாலாவதையும் கையில் வாங்கிக்கொண்டாள். மிஸ்டர் ஓஷிரோ இடக்கைக்காரர் என்பதைப் பாட்டியம்மா சொல்லவில்லை. யார் கேட்டார்கள்?

கடற்கரையில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவள் துண்டை அவிழ்த்தாள். உகுலேலேயில் கருவாட்டு வாசனை அடித்தது. ஆட்டினால் உள்ளே கலகலவென்றது. கவிழ்த்துத் தட்டினால், ஓட்டை வழியாக அவள் மடியில் இரண்டு வெள்ளை முட்டைகள் வந்து விழுந்தன. பல்லி முட்டை, காய்ந்துபோன ஓடு. லாஹேலா கத்திவிட்டு, பிறகு அந்தக் கத்தலுக்குச் சிரித்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். பக்கத்துக் காரில் சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த மனிதர் எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை, இது குடும்ப விஷயம் என்று கையசைத்தாள். அந்த நிமிஷமே வாத்தியத்துக்குப் பெயரும் விழுந்துவிட்டது: மிஸ்டர் ஓஷிரோ.

இனி நடந்ததைத்தான் கவனமாகச் சொல்ல வேண்டும். லாஹேலாவுக்கு யாரும் வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் முப்பது வருஷமாக அடுப்படி ஜன்னல் வழியாக ஐந்து ஆண்கள் வாசிப்பதை நேருக்கு நேர் பார்த்தவள். எந்த விரல் எங்கே போகும் என்பது மீன் பொரிக்கிற கண்ணுக்கே மனப்பாடம். ஆனால் எதிரே இருந்து பார்த்தால் எல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரிதானே. அவள் கண்ணுக்கு உகுலேலேயின் கழுத்து எப்போதும் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ஆகவே தானும் கழுத்தை வலப்பக்கம் வைத்து, வலக்கை விரலால் தந்தியை அழுத்தி, இடக்கையால் தட்டினாள். ஊரெல்லாம் பிடிக்கிறதற்கு நேர் எதிர். சாதாரண உகுலேலேயாக இருந்தால் அழுதிருக்கும். ஆனால் மிஸ்டர் ஓஷிரோவும் அப்படித்தானே பிடித்திருந்தார். தந்திகளை மாற்றி, தன் கைக்குத் தகுந்த வரிசையில் கட்டியிருந்தார். அவள் தப்பும் அவர் வழக்கமும் ஒன்றையொன்று முகம் பார்த்து, சரியாகப் பொருந்திவிட்டன.

அவளுக்கு இது எதுவும் தெரியாது. ஒரே விரலால் ஒரு தந்தியை அழுத்தித் தட்டினாள். ஸீக் வாசிக்கும்போது வருகிற அதே சத்தம் வந்தது. அச்சு அசலாக அதே. ஆண்டவரே, என்ன இது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சுற்றிலும் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை தட்டினாள். பிறகு நாற்பது தடவை.

பள்ளிக்கூடத்தில் பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து தினமும் அரைமணி நேரம் பழகினாள். கீர்த்தனைக்கு மூன்றே பிடிகள்தான் வேண்டும். ஒரு விரல் பிடி, இரண்டு விரல் பிடி, மூன்று விரல் பிடி. மூன்று விரல் பிடிதான் உயிரை வாங்கியது. விரல் நுனியில் கொப்புளம் வந்தது. என்ன ஆச்சு என்று ஸீக் கேட்டான். பொய் சொல்ல அவளுக்கு வராது, வேலை என்றாள்.

மிஸ்டர் ஓஷிரோவின் குணமும் மெல்ல மெல்லப் பிடிபட்டது. மழை பெய்தால் சுருதி இறங்கிவிடுவார், ஹீலோவில் மழை பெய்யாத நாள் ஏது. எடுத்தவுடனே வாசித்தால் முறைப்பார். பத்து நிமிஷம் வயிற்றோடு அணைத்துச் சூடேற்றினால் இனிப்பார். மூன்றாவது திருகு நழுவும், அதில் கொஞ்சம் எச்சில் தொட்டுத் திருகினால் நிற்கும். சோயா சாஸ் பெட்டிகளுக்கு நடுவில், "இன்னிக்கு எப்படி இருக்கீங்க மிஸ்டர் ஓஷிரோ" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் துண்டை அவிழ்ப்பாள். நாலாவது வாரம் கீர்த்தனை முழுசாக, தடுக்காமல், ஓட்டமாக வந்துவிட்டது. லாஹேலா அரிசி மூட்டையிலிருந்து எழுந்து ஒரு சுற்று ஆடிவிட்டு உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை ஒத்திகையில் லூயிகா ஆன்ட்டி கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"நீ இடக்கையா?"

"இல்ல ஆன்ட்டி. வலக்கையிலதான் எழுதுறேன், வலக்கையிலதான் சாப்பிடுறேன்."

"பின்ன ஏன் அப்படிப் பிடிச்சிருக்க?"

"இப்படிப் பிடிச்சாத்தான் வருது."

"வருதுல்ல, விடு" என்று சொல்லிவிட்டு அவர் பாட ஆரம்பித்துவிட்டார்.

ஹோயிகே நாள் வந்தது. பெண்கள் எல்லாரும் ஒரே துணியில் தைத்த நீல அங்கி, கழுத்தில் மாலை. ஆராதனைக்குப் பிறகு சாப்பாடு என்பதால் லாஹேலா பெரிய தட்டில் நூடுல்ஸ் ஆக்கிக் கொண்டுவந்திருந்தாள். மிஸ்டர் ஓஷிரோவைக் கூடத்து மேசைமேல் வைத்துவிட்டு, தட்டை அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அடுப்படிக்குப் போனால் சும்மா வர முடியுமா? ஒருத்திக்குப் பன்றிக்கறியை உதிர்த்துக் கொடுத்தாள், இன்னொருத்திக்கு உருளைக்கிழங்கில் உப்புப் பார்த்துச் சொன்னாள். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது.

அந்த முக்கால் மணி நேரத்தில் ஹைரம் அங்கிள் கூடத்துக்குள் வந்தார். சபையின் மூத்த உதவிக்காரர். எண்பது வயது, சட்டைப் பையில் எப்போதும் தந்திப் பொட்டலங்கள் இருக்கும். ஹோயிகே அன்று யாருடைய உகுலேலே கண்ணில் பட்டாலும் சுருதி கூட்டி, தேய்ந்த தந்தி இருந்தால் மாற்றிவிடுவார். ஒரு காசு வாங்க மாட்டார். அதுதான் அவர் ஆண்டவருக்குச் செலுத்துகிற காணிக்கை. ஊரில் அவர் கை படாத உகுலேலே இல்லை.

சின்னப் பிள்ளைகள் முன்னால் போய் நின்றுவிட்டார்கள். லாஹேலா ஈரக்கையை அங்கியில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தபோது, அங்கிள் மிஸ்டர் ஓஷிரோவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"எவனோ மடையன் தந்தியெல்லாம் தலைகீழா கட்டி வச்சிருந்தான், லாஹேலா. எப்படித்தான் வாசிச்சியோ, பாவம். நாலையும் புதுசா மாத்தி, முறைப்படி போட்டுட்டேன்."

லாஹேலா நன்றி சொன்னாள். பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல், ஒரு விரல் பிடியை வைத்துத் தந்தியை வருடினாள். கரண்டி கீழே விழுந்த மாதிரி இருந்தது. இரண்டு விரல் பிடி அதைவிட மோசம். மூன்று விரல் பிடியை முயற்சி செய்ய அவளுக்குத் தைரியம் வரவில்லை. வாத்தியத்தைத் திருப்பி, ஊரார் பிடிக்கிற பக்கம் பிடித்துப் பார்த்தாள். அவள் இடக்கை விரல்கள் எங்கே உட்காருவது என்று தெரியாத விருந்தாளி மாதிரி நின்றன. மறுபடியும் தன் பக்கமே திருப்பிக்கொண்டாள்.

பழைய வரிசைக்கு மாற்றச் சொல்லிவிடலாம். ஆனால் நாலு தந்தியை அவிழ்த்துக் கட்ட நேரம் இல்லை. வாலிபர் வகுப்பு ஏற்கெனவே வேதத்திலேயே மிகச் சின்ன வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டது, வருஷா வருஷம் அவர்கள் அதையேதான் சொல்வார்கள். நேரம் இருந்தாலும் எப்படிச் சொல்வது? அங்கிள் சுவரோரம் நின்று, காலிப் பொட்டலங்களை மடித்துக்கொண்டே, அவளைப் பார்த்துத் தலையாட்டினார். நடுங்குகிற அந்த விரல்களால் நாலு தந்தியையும் முடிந்து கட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

ஆண்கள் வகுப்பு பாடியது. ஸீக், ரூஃபஸ், தம்பிமார் எல்லாரும் அருமையாகப் பாடிவிட்டு, வந்து முன்வரிசையிலேயே உட்கார்ந்தார்கள். லாஹேலா கண்ணை மூடினாள். ஆண்டவரே, கை தூக்கினது நான்தான், ஆனா நீரும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீர் என்றாள்.

பெண்கள் வகுப்பைக் கூப்பிட்டார்கள். மனைவி கையில் உகுலேலேயைப் பார்த்ததும் ஸீக்கின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. ரூஃபஸ் தம்பியை முழங்கையால் இடித்தார். லாஹேலா லூயிகா ஆன்ட்டியின் காதோடு சொன்னாள்.

"ஆன்ட்டி, தந்தியெல்லாம் மாறிப்போச்சு. ஒரு பிடியும் வராது."

"என்னதான் வரும்?"

"ஒண்ணையும் பிடிக்காம சும்மா தட்டினா வரும்."

"அப்ப தட்டு" என்றார் ஆன்ட்டி, ஜனங்களைப் பார்த்துச் சிரித்தபடியே.

அவள் தட்டினாள். நாலு தந்தியையும் விரல் வைக்காமல் சும்மா தட்டினால், எந்த வரிசையில் கட்டியிருந்தாலும் சத்தம் ஒன்றுதான். நல்ல இனிப்பான சத்தம்தான். பெண்கள் முதல் அடியைப் பிடித்துக்கொண்டார்கள். அடியின் கடைசி வார்த்தையில் ராகம் ஏறும்; அங்கேதான் இரண்டு விரல் பிடி வர வேண்டும். வார்த்தை வந்தது. பிடி வரவில்லை. லூயிகா ஆன்ட்டி அந்தச் சுரத்தை விடாமல் பிடித்தார். மற்ற பெண்களும் பிடித்தார்கள். ஆன்ட்டியின் மூச்சு சாமானியமானது இல்லை, ஆனாலும் எழுபத்தொரு வயது. அவர் கழுத்து சிவப்பதை லாஹேலா பார்த்தாள்.

பயத்தில் அவள் ஆள்காட்டி விரல் அப்படியே நாலு தந்திமேலும் குறுக்கே படுத்துவிட்டது. கை வியர்வையில் வழுக்கியது. வழுக்க வழுக்க, இடக்கை தட்டிக்கொண்டே இருக்க, நாலு சத்தமும் கைகோத்துக்கொண்டு மேலே ஏறின. ஊளை மாதிரி, பிறகு கொஞ்சல் மாதிரி. கழுத்தில் பதித்த ஐந்தாவது குறுக்குக் கம்பிக்கு வந்ததும், பூட்டுக்குள் சாவி போல, பெண்களின் குரலுக்கடியில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டன.

லாஹேலாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஒரு விரலை நாலு தந்திக்கும் குறுக்கே படுக்க வைத்தால், அதற்கு வலமும் கிடையாது, இடமும் கிடையாது. விரலே வைக்காவிட்டால் முதல் பிடி. ஐந்தாவது கம்பியில் படுத்தால் இரண்டாவது. இன்னும் இரண்டு கம்பி தள்ளிப் படுத்தால் மூன்றாவதும் அங்கேதான் இருக்க வேண்டும். அடுத்த அடியில் தள்ளிப் பார்த்தாள். இருந்தது.

அப்புறம் அவளை யார் பிடிக்க முடியும்? விரல் வழுக்கி ஏறும், குழைந்து இறங்கும், பழைய கீர்த்தனை ஊஞ்சலில் ஏறிய மாதிரி ஆடியது. பாடுகிற பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒருத்தி மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடினாள். லூயிகா ஆன்ட்டி, வேகாஸுக்கே கேட்கும்படி கப்பல் குரலை அவிழ்த்துவிட்டார். ஸீக் எழுந்து நின்றான். எதற்கு எழுந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை, உட்காரவும் இல்லை. கடைசி அடியில் லாஹேலா விரலை உச்சியிலிருந்து அடிவரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்து, கையை எடுத்தாள்.

 முன்வரிசையிலிருந்து முதல் குரல் வந்தது, ரூஃபஸின் குரல்.

"ஹனா ஹோ."

இன்னொரு தடவை என்று கேட்கிற வார்த்தை. சபை முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. பாஸ்டரும் சொன்னார். எங்களிடம் இருப்பது இந்த ஒரு பாட்டுதான் என்று லூயிகா ஆன்ட்டி அறிவித்தார். அதையே பாடுங்கள் என்றார்கள். மூன்று தடவை பாடினார்கள். மூன்றாவது தடவை லாஹேலா தேவையில்லாத இடத்தில்கூட வழுக்கினாள், ஆசைக்காக.

சாப்பாட்டு வரிசையில் ஸீக் அவள் விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் தட்டிலிருந்த பெரிய கறித்துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தான். அந்த வழுக்கலை எனக்கும் காட்டு என்று ரூஃபஸ் நச்சரித்தார். ஹைரம் அங்கிள் மற்றவர்களை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"நான் சொல்லல? எல்லாம் புதுத் தந்தி செய்யுற வேலை."

"ஆமா அங்கிள்."

"அது சரி, விரலைப் படுக்க வச்சு இழுக்குற அந்த வாசிப்பை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

லாஹேலா அவரைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

"நீங்கதான் அங்கிள்."

அங்கிள் யோசித்தார். எப்போது, எங்கே என்று தேடிப் பார்த்தார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்திருக்கிறார், எல்லாமா நினைவில் நிற்கும்?

"இருக்கும்" என்றார். பிறகு நூடுல்ஸ் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, அடுத்த மேசையிலிருந்தவர்களுக்கு அதைச் சொல்லப் போனார்.